பதினோராம் கட்டில் சோதனை

கேட்கக் கூடாததைக் கேட்பது என் பிறவிக் குணம். ஹட்டன் கடைத்தெருவில் பதினெட்டு வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். ஒருத்திக்கு ரவிக்கை அளவெடுத்து முடிப்பதற்குள் அவள் மாமியார் எப்படி, புருஷன் எப்படி, கடைசி நாத்தனாருக்கு ஏன் இன்னும் கல்யாணம் கூடிவரவில்லை என்பதெல்லாம் எனக்கு வந்து சேர்ந்துவிடும். "மீனம்மாவுக்கு அளவு நாடாவைவிட வாய் நீளம்" என்று கடைத்தெருவில் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். பாசி பிடித்த படியில் வழுக்கி, இடது காலை முறித்துக்கொண்டு, ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் மல்லாந்து கிடந்தபோது அந்த வாய்தான் எனக்குத் துணையாக இருந்தது.

என் கட்டில் பத்தாம் நம்பர். காலில் பாரம் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கழுத்தைத் தவிர வேறு எதையும் இஷ்டப்படி திருப்ப முடியாது. திருப்பினால் தெரிவது பதினோராம் கட்டில். அதில் அம்மாக்கண்ணு இருந்தார். அறுபது வயது. நானுஓயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நாற்பது வருடம் கொழுந்து பறித்தவர். சீனி வியாதி முற்றி, வலது பாதத்தில் புண் வைத்திருந்தது. அதைத் தினமும் கழுவிக் கட்டவேண்டும். அந்த வேலைக்கு வந்துபோகும் பயிற்சித் தாதிகளில் ஒருத்திதான் தனுஜா.

முதல் நாளே நான் பார்த்தது அவள் முகத்தை அல்ல, சீருடையை. தொழில் புத்தி எங்கே போகும்? இடுப்புப் பக்கம் இரண்டு தடவை பிடித்துத் தைத்திருந்தாள். கைத்தையல்தான், ஆனாலும் நேராக ஓடியிருந்தது. பயிற்சிக்குச் சேர்ந்த நாளிலிருந்து இந்தப் பிள்ளை இளைத்துக்கொண்டே வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ஏன் இளைத்தாள் என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வருமா?

"எந்த ஊரு புள்ள?"

"பூண்டுலோயா, அக்கா. டவுன்ல இல்ல, மேல தோட்டம்."

"அப்பா அம்மா?"

"அப்பா ஃபேக்டரியில. அம்மா மலைக்குக் கொழுந்தெடுக்கப் போறாங்க. காலை ஆட்டாதீங்க, பாரம் சரியுது."

அப்படித் துண்டு துண்டாகச் சேர்த்ததுதான் அவள் கதை. அப்பா செல்லசாமி, அம்மா காளியாயி. லயத்து வரிசை வீடுகளில் எட்டாவது காம்பரா. எட்டு வயதில், அப்பாவின் தலைவலிக்கு மருந்து வாங்கத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போயிருக்கிறாள். முந்தின வாரம் தம்பியின் வயிற்றுவலிக்குக் கொடுத்த அதே ரோஸ் நிறத் தண்ணீரை அங்கே ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள். "தலைக்கும் வயித்துக்கும் எப்படிங்க ஒரே மருந்து?" என்று கேட்டிருக்கிறாள். "போடி அதிகப்பிரசங்கி" என்று விரட்டிவிட்டார்கள். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டே மூன்று மைல் நடந்து பள்ளிக்கூடம் போய், உயிரியல் படித்து, தாதிப் பயிற்சிக்கும் வந்துவிட்டாள்.

"இப்ப பதில் தெரிஞ்சிருச்சா?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சிருச்சுக்கா. அன்னைக்கு அவங்ககிட்ட அந்த ஒரு போத்தல்தான் இருந்திருக்கு" என்று சொல்லிச் சிரித்தாள். அந்த நிமிடத்திலிருந்து எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

இளைத்த காரணம் பிறகுதான் வந்தது. எழுத்துப் பரீட்சையெல்லாம் பாஸ். வார்டில் நோயாளியை வைத்துச் செய்துகாட்டும் பரீட்சையில்தான் தவறிவிட்டாள். என்ன நடந்தது என்று நான்கு நாள் கேட்டேன். ஐந்தாம் நாள் சொன்னாள். கிருமி இல்லாத கையுறை போட்டுக்கொண்டு ஒரு பாட்டிக்குப் புண் கட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். பாட்டியின் போர்வை நழுவிவிட்டது. குளிருமே என்று அதே கையால் போர்வையை இழுத்து மூடிவிட்டு, அப்படியே புண்ணைத் தொடப் போயிருக்கிறாள். அவ்வளவுதான், நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

"போர்வைய மூடுனதுக்கா பெயிலு?" எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போர்வையில உள்ள கிருமி புண்ணுக்குப் போயிருமேக்கா. மூடலாம், கையுறைய மாத்தணும். அவங்க செஞ்சது சரிதான்."

இனி வரப்போவது இரண்டாவது தடவை. இதிலும் தவறினால், கூடப் படித்தவர்களெல்லாம் வேலைக்குப் போய்விட, இவள் மட்டும் அடுத்த வருடம் வரை காத்திருந்து கடைசித் தடவை செய்துகாட்ட வேண்டும். லயத்தில் யாருக்கும் முதல் தடவை தவறியதே தெரியாது. அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். அம்மா அதைக் கேட்டதும் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போய்விட்டாராம். அதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் கம்மியது.

எனக்கு இந்தப் பரீட்சையே புதினமாக இருந்தது. பேனா இல்லை, மேசை இல்லை, மணி அடிப்பதில்லை. நோயாளி கட்டிலில் படுத்திருக்க, அவரை வைத்து இவளுக்குப் புள்ளி போடுவார்களாம்.

"நாங்க எதையாச்சும் தப்பாச் சொல்லிட்டா?" என்று கேட்டேன்.

"நீங்க எப்பவும்போல இருந்தாப் போதும்க்கா."

அது ஒன்றுதான் எங்கள் ஆட்களால் முடியாத காரியம்.

பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம், தனுஜாவுக்குப் பதினோராம் கட்டில் என்று சீட்டு விழுந்தது. செய்தி வார்டு முழுக்கப் பரவியது. புள்ளி போடப் பெரிய மிஸ்மார் இரண்டு பேர் வருகிறார்களாம் என்றதும் தோட்டத்துப் பெண்களுக்கு வேறு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கொழும்பிலிருந்து பெரிய ஆட்கள் தோட்டத்தைப் பார்க்க வரும் நாளில் என்ன செய்வார்களோ, அதையே செய்யத் தொடங்கினார்கள். அன்றைக்கு லயத்துச் சாக்கடைக் கானெல்லாம் கூட்டிச் சுத்தமாகிவிடும். பிள்ளைகளுக்குக் குளிப்பாட்டு நடக்கும். கூரை ஒழுகுகிறதா என்று கேட்டால் இல்லை, தண்ணீர் வருகிறதா என்று கேட்டால் வருகிறது, சௌக்கியமா என்றால் சௌக்கியம் தொரை. ஏதாவது குறை சொன்னால், வந்தவர் போனபிறகு எங்களை மேய்க்கும் கண்டாக்கையா தலையில்தான் விடியும். அவர் தலையில் விடிந்தால் மறுநாள் காலை வேலை பிரிக்கும் பெரட்டில் நம் தலையில் விடியும். தலைமுறை தலைமுறையாகப் படித்த பாடம் இது.

விடிந்தும் விடியாததுமாக வெற்றிலைச் சுருக்குப் பைகள் தலையணைக்கடியில் மறைந்தன. தலைகள் வாரப்பட்டன. நாலாம் கட்டில்காரி ராத்திரியெல்லாம் இடுப்பு வலி என்று முனகியவள், டாக்டர் வந்ததும் "ஒரு வலியும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டாள். நோயாளிக்கு வலி இருந்தால் தாதிப் பிள்ளை பெயில் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள்.

அம்மாக்கண்ணு எல்லோரையும்விட ஒரு படி மேலே போனார்.

காலை ஆறே முக்காலுக்கு இரவுத் தாதி வந்து அவருக்கு இன்சுலின் ஊசி போட்டுவிட்டுப் போனாள். ஏழு மணிக்குத் தனுஜா பொறுப்பெடுத்தாள். கால் மணி கழித்துச் சாப்பாடு வந்தது: பாண் ரொட்டித் துண்டுகள், பருப்பு, அவித்த முட்டை. தட்டை அம்மாக்கண்ணுவின் மடியில் வைத்துவிட்டு, தனுஜா கட்டுச் சாமான்கள் சரிபார்க்கப் போனாள். அவள் முதுகு மறைந்ததும் தட்டு என் பக்கம் நீண்டது.

"மீனம்மா, இத நீ தின்னுரு. கேட்டா நான் தின்னேன்னு சொல்லு."

"ஏன்க்கா?"

"மாரியாத்தாளுக்கு நேந்திருக்கேன். புள்ள சோதன முடிச்சு வார வரைக்கும் வாயில பச்சத் தண்ணி படாது."

"ஊசி போட்டாச்சே. சாப்பிடாம இருக்கலாமா?"

"ஒரு வேளதான. வெறும் தேயிலைச் சாயத் தண்ணியோட நாப்பது வருசம் மலையேறுன ஒடம்பு இது. தின்னு."

நான் இன்னும் நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். ஊரில் உள்ள நாத்தனார் விஷயமெல்லாம் துருவித் துருவிக் கேட்கிறவளுக்கு, கேட்க வேண்டிய இடத்தில் வாய் அடைத்துப்போனது. பொய் எதற்கு, முட்டையும் கண்ணில் பட்டது. இரண்டு தட்டையும் நானே காலி பண்ணிவிட்டு, அவர் தட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

தனுஜா வந்தாள். "சாப்டீங்களாம்மா?"

"எல்லாம் சாப்டேன் தாயி."

வெறும் தட்டைப் பார்த்தாள், கட்டில் காலடியில் தொங்கும் சாட் அட்டையை எடுத்தாள், முழுக்கச் சாப்பிட்டதாக எழுதினாள், கையெழுத்துப் போட்டாள்.

ஒன்பது மணிக்கு மிஸ்மார் வந்தார்கள். ஒருவர் சிங்கள அம்மா. பேசவே இல்லை, எழுதிக்கொண்டே இருந்தார். மற்றவர் குணபூசணி மிஸ், யாழ்ப்பாணத்துக்காரர். கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை, மடிப்பு ஒவ்வொன்றும் ஒரே அகலம். அப்படி உடுத்துகிறவர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள் என்பது என் அனுபவம். 

தனுஜா திரையை இழுத்தாள். ஆனால் என் பக்கம் ஒரு முழம் இடைவெளி இருந்தது. கண்ணை மூடிக்கொள்ளலாம். மூடவில்லை.

அவள் கைகழுவியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று ஒன்றையும் அவசரப்படுத்தவில்லை. கிருமி நீக்கிய கட்டுச் சாமான் பொதியை ஓரத்தைப் பிடித்துத் திறந்தாள். கையுறையின் வெளிப்புறம் எதிலும் படாமல் கையை நுழைத்தாள். பழைய கட்டை அதற்கு முன்பே அவிழ்த்து அப்புறப்படுத்தியிருந்தாள். புண் திறந்திருந்தது. குணபூசணி மிஸ் இடையிடையே கேட்டார்: ஏன் நடுவிலிருந்து வெளியே துடைக்கிறீர்? இந்த நிறம் என்னத்தைக் காட்டுது? தனுஜா கை நிற்காமல் பதில் சொன்னாள். போர்வை ஒருதரம் நழுவியது. அவள் அதைத் தொடவில்லை. "அம்மா, போர்வைய நீங்களே கொஞ்சம் இழுத்துக்குங்க" என்றாள். எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

அம்மாக்கண்ணு போர்வையை இழுக்கக் கையைத் தூக்கினார். கை நடுங்கியது. போர்வை பிடிபடவில்லை.

நான் கழுத்தைத் திருப்பி அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் நெற்றியில் வேர்வை. அந்தக் குளிரில், ஜன்னலுக்கு வெளியே பனி இன்னும் விலகாத காலையில், மேலுதட்டிலும் கழுத்திலும் வேர்வை. ஊசி போட்டும் சாப்பிடாததன் வேலை இது என்று புரிந்தது. சொல்லவேண்டும். சொன்னால் சாட்டில் எழுதியது பொய்யாகிவிடும். இவ்வளவு அழகாகச் செய்துகொண்டிருக்கும் பிள்ளையை நானே இழுத்துப் பள்ளத்தில் தள்ளியதாகிவிடும். இன்னும் பத்து நிமிடத்தில் கட்டி முடித்துவிடுவாள், அதற்குப் பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தனுஜாவின் கை நின்றது.

"அம்மா, என்னப் பாருங்க. என்னா செய்யுது?"

"ஒண்ணுமில்ல தாயி... சொகமா இருக்கேன்." நாக்கு குழறியது. "நீ கட்டு. கொழுந்துக் கூடை நெறஞ்சிருச்சு, நிறுவைக்குப் போகணும்."

"காலைல என்ன சாப்டீங்க?"

"எல்லாம் சாப்டேன்."

தனுஜா திரை இடைவெளி வழியாக நேரே என்னைப் பார்த்தாள். "அக்கா, இவங்க சாப்பிட்டாங்களா?"

இரண்டு மிஸ்மாரும் திரும்பினார்கள்.  

"இல்ல புள்ள. நாந்தான் தின்னேன்."

அதற்குப் பிறகு அவள் பரீட்சையை மறந்துவிட்டாள் என்றே சொல்வேன். சுத்தமான துணியால் புண்ணை மூடினாள். கையுறைகளை உருவிப் போட்டாள். வார்டுத் தாதியை உரத்துக் கூப்பிட்டு, சீனி பார்க்கும் கருவியைக் கேட்டாள். விரலில் குத்தினாள். ஐம்பத்திரண்டு. எனக்கு அந்த எண் என்னவென்று தெரியாது. சீனி ஆபத்தாக இறங்கியிருக்கிறது என்று வார்டுத் தாதி ஓடிய ஓட்டத்தில் தெரிந்துகொண்டேன். குளுக்கோஸ் கரைத்த கப்போடு அவள் வந்ததும், தனுஜா அம்மாக்கண்ணுவைத் தூக்கி உட்காரவைத்து, தோளில் சாய்த்து, வாயருகே கொண்டுபோனாள்.

அம்மாக்கண்ணு பல்லை இறுக்கிக்கொண்டார். "மாட்டேன். வெரதம்."

"யாருக்கு வெரதம்மா?"

"ஒனக்குத்தான்டி! நீ பாஸாகணும்னு மாரியாத்தாளுக்கு... குடிச்சா நீ பெயிலாயிருவ."

தனுஜாவின் முகம் ஒரு நொடி உடைந்தது. உடனே அதைச் சேர்த்துக்கொண்டாள். "நீங்க குடிக்கலன்னாத்தான் நான் பெயில். குடிங்க. மாரியாத்தாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றாள். அந்த அதட்டலில் அம்மாக்கண்ணு வாயைத் திறந்துவிட்டார்.

கால் மணி நேரம் பக்கத்திலேயே நின்றாள். மறுபடி குத்திப் பார்த்தாள்: எண்பத்தாறு. பாண் வரவழைத்து ஊட்டினாள். அம்மாக்கண்ணு பேச்சுத் தெளிந்து, சுற்றி நிற்பவர்களை அடையாளம் கண்டு, வெட்கப்பட்டு முந்தானையை இழுத்துக்கொண்டார். தனுஜா திரும்பவும் முதலிலிருந்து கைகழுவி, புதுப் பொதி பிரித்து, புதுக் கையுறை போட்டு, புண்ணைக் கட்டி முடித்தாள். கொடுத்த நேரம் எப்போதோ முடிந்திருந்தது. அடுத்த கட்டில்களுக்குச் சீட்டு விழுந்த பிள்ளைகள் வாசலில் காத்திருந்தார்கள்.

குணபூசணி மிஸ் சாட் அட்டையை எடுத்தார்.

"காலமைச் சாப்பாடு முழுக்கச் சாப்பிட்டவ எண்டு கிடக்கு. இது ஆர் எழுதினது?"

"நான்தான் மிஸ்."

"அவ சாப்பிட்டதைக் கண்டனீரோ?"

"தட்டு காலியா இருந்துச்சு மிஸ். சாப்பிட்டதப் பாக்கல."

"மிஸ், அவ மேல பிழையில்ல" என்று நான் குறுக்கே விழுந்தேன். "பொய் சொன்னது நாங்க. தின்னது நான்."

"உங்களைக் கேக்கேல்லை அம்மா" என்றார் அவர், கோபமில்லாமல். பிறகு தனுஜாவிடம், "இப்ப என்ன செய்யப் போறீர்?" என்றார்.

தனுஜா பேனாவை எடுத்தாள். எழுதியதை மறைக்கவோ சுரண்டவோ இல்லை. அதன்மேல் ஒரே ஒரு கோடு போட்டு, எழுதியதும் அடித்ததும் இரண்டும் தெரிகிற மாதிரி விட்டாள். பக்கத்தில் உண்மையை எழுதி, நேரம் போட்டு, தன் பெயரை எழுதினாள். 

"ஓம், நாங்கள் எழுதவேண்டியதை எழுதுவம்" என்று சொல்லிவிட்டுக் குணபூசணி மிஸ் போய்விட்டார். அந்த முகத்திலிருந்து ஒரு நூல்கூட உருவ முடியவில்லை.

முடிவு வர மூன்று நாள். அந்த மூன்று நாளும் தனுஜா எங்கள் வார்டுக்கு வரவில்லை, வேறு வார்டில் போட்டுவிட்டார்கள். அம்மாக்கண்ணு அழுதபடியே இருந்தார். விரதம் முறிந்ததால் பிள்ளை பெயில் என்பது அவர் கணக்கு. பாக்கி விரதத்தை இருந்து முடித்துவிடுகிறேன் என்று மறுநாளே ஆரம்பித்துவிட்டார். அவர் சாப்பிடுகிறாரா என்று காவல் பார்க்கும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது. எழுந்து போக முடியாதவள் என்ன செய்வேன்? ஒவ்வொரு வேளையும் "சாப்பிடாட்டி மிஸ்ஸக் கூப்பிடுவேன்" என்று கத்தினேன். அவர் என்னைப் பார்த்து, "நீதானடி காட்டிக் குடுத்த" என்றார்.   அப்போதும் சொல்லாமல் இருந்திருந்தால் அந்தக் கட்டில் காலியாகியிருக்கும். சொன்னதால் ஒரு பிள்ளையின் வருடம் போயிருக்கும். ராத்திரி முழுக்க அதையே புரட்டிக்கொண்டு கிடந்தேன்.

நாலாம் நாள் காலை, சாப்பாட்டு வண்டிக்குப் பின்னாலேயே தனுஜா வந்தாள். முகத்தைப் பார்த்தேன்; ஒன்றும் தெரியவில்லை. குணபூசணி மிஸ்ஸிடம் அதையும் படித்துவிட்டாளோ என்று எரிச்சலாக வந்தது.

"என்னடி ஆச்சு? சொல்லு!" என்றேன்.

அம்மாக்கண்ணுவின் சாப்பாடு மறுபடி என் பக்கம் வராதபடி, அவள் என் தட்டையும் கை மேசையையும் எட்டாத தூரத்துக்கு நகர்த்தினாள். அம்மாக்கண்ணுவின் மடியில் அவர் தட்டை வைத்தாள். ஸ்டூலை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"சாப்பிடுங்க. தட்டு முடிஞ்சாத்தான் சொல்லுவேன்."

"முடிவச் சொல்லு தாயி, ஒரேயடியாத் தின்னுர்றேன்."

"ஊஹும்."

பாண் ஒவ்வொரு துண்டாகப் போயிற்று. இவ்வளவு மெதுவாக ஒரு மனுஷி பாண் தின்று நான் பார்த்ததில்லை. வார்டே கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது. நாலாம் கட்டில்காரி இடுப்பைப் பிடித்தபடி எழுந்தே நின்றாள். கடைசித் துண்டைப் பருப்பில் துடைத்து வாயில் வைத்துக்கொண்டு, அம்மாக்கண்ணு தனுஜாவை நிமிர்ந்து பார்த்தார்.

"பாஸ்" என்றாள் தனுஜா. "சாட்டுக்குப் புள்ளி வெட்டிட்டாங்க. நேரத்துக்கும் வெட்டிட்டாங்க. ஆனா பாஸ்."

 சந்தோஷத்தில் தொங்கிய காலை நானே ஆட்டிவிட்டு வலியில் கத்தினேன். அம்மாக்கண்ணு இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பி, கன்னத்தில் பாண் உப்பியிருக்க, ஓவென்று அழ ஆரம்பித்தார்.

தனுஜா எழுந்து அவர் முதுகில் கைவைத்தாள்.

"மொதல்ல முழுங்குங்கம்மா. அப்புறம் அழலாம்."